ஹோலுக்குள்ள வைச்ச செவ்வரத்தை, ஓர்க்கிட் மொட்டெல்லாம் மஞ்சளாகிக் கொட்டுது

விறாந்தைச்செடி:
வணக்கம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில வீடு. ஹோலுக்குள்ள கிழக்கு யன்னலடியில 10 அங்குலச் சாடியில அடுக்குச் செவ்வரத்தை, பக்கத்தில ரெண்டு டென்ரோபியம் ஓர்க்கிட். மொட்டு நிறைய வருது, சுண்டுவிரல் நுனியளவு வந்தவுடன மஞ்சளாகிக் கொட்டுண்டு போகுது. இலையில ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு நாளும் கிணத்துத் தண்ணி விடுறம். உரத்தைக் கூட்ட வேணுமோ?

தும்புச்சோறு:
கூட்டாதேங்கோ. நைதரசன் கூடினால் இலைதான் தள்ளும், மொட்டு நிக்காது. செவ்வரத்தைக்கு 4, 5 மணித்தியாலமாவது நேர்வெயில் வேணும். கிழக்கு யன்னல் மட்டுமட்டுத்தான். மொட்டு வைச்ச பிறகு சாடியை இடம் மாத்தவும் வேண்டாம்.

தண்ணியை நாள்கணக்கில விடாமல், விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்கோ. காய்ஞ்சிருந்தால் அடியால வழியுமட்டும் விட்டு, தட்டில நிக்கிறதை ஊத்திப்போடுங்கோ. ஒருக்கா வாடி எழும்பின செவ்வரத்தையும் மொட்டைக் கொட்டும். எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால வாறது. சாடி விளிம்பில வெள்ளையாப் படிஞ்சிருந்தால் மண்ணில உப்பு ஏறிட்டுது எண்டு அர்த்தம். மாதம் ஒருக்கா, சாடி கொள்ளுற அளவைப்போல ரெண்டு மடங்கு மழைத்தண்ணியை ஆறுதலா ஊத்திக் கழுவிவிடுங்கோ. ஐப்பசி, கார்த்திகை மழையில ஒரு பரல் நிரப்பி நுளம்பு போகாமல் மூடி வைச்சால் கனநாளைக்குக் காணும்.

மொட்டும்மலரும்:
தும்புச்சோறு அண்ணை சொன்னது சரி. ஆனால் இலை நல்லா இருக்க, ரெண்டு இனமும் ஒரே பருவத்தில மஞ்சளாகுதெண்டால் எனக்குப் பூச்சியிலதான் சந்தேகம். இப்ப மஞ்சளாகிற ஒரு மொட்டைப் பிடுங்கி, பிளேட்டால நெடுக்கா வெட்டி, கறுப்புத் தட்டில வைச்சுப் பாருங்கோ. உள்ளுக்குள்ள ஈரமா அழுகி, 2 மில்லிமீற்றர் அளவில வெளிர்மஞ்சள் புழு நெளிஞ்சு துள்ளினால் அது கொன்ராறினியா எண்ட மொட்டு ஈயின்ர புழு. செவ்வரத்தை, டென்ரோபியம், மல்லிகை எல்லாத்திலயும் முட்டை போடும், அடுக்குப் பூவில இன்னும் கூட. உள்ளுக்கு ஒண்டும் இல்லையெண்டால் வெளிச்சமும் தண்ணியும்தான் காரணம்.

விறாந்தைச்செடி:
வெட்டிப் பாத்தன். ரெண்டிலயும் புழு, துள்ளுது! வேப்பெண்ணெய் அடிக்கட்டோ?

மொட்டும்மலரும்:
மேலால அடிக்கிறது மொட்டுக்குள்ள இருக்கிற புழுவில படாது. புழு வளந்தவுடன மொட்டை விட்டு மண்ணுக்குள்ள இறங்கிக் கூடாகி, திரும்ப ஈயா வரும். ஒரு சுற்றுக்கு மூண்டு நாலு கிழமை. அதை இடையில வெட்டவேணும்.

இப்ப இருக்கிற மொட்டு முழுவதையும், சின்னதையும் விடாமல், கிள்ளுங்கோ. மனசு வராதுதான், ஆனால் ஒண்டு ரெண்டு மிஞ்சினாலும் திரும்பத் தொடங்கும். பொலித்தீன் பையில போட்டு இறுக்கிக் கட்டி ரெண்டு நாள் வெயிலில வையுங்கோ. பசளைக் கிடங்குக்குள்ள எறிஞ்சால் அங்கயிருந்தே ஈ வரும். செவ்வரத்தைச் சாடியில மேல்மண்ணை ஒரு அங்குலம் வழிச்செடுத்துப் புதுசு போடுங்கோ. ஓர்க்கிட்டின்ர கரித்துண்டு, தும்பு எல்லாத்தையும் மாத்துங்கோ. நாலு கிழமைக்கு வாற மொட்டை வரவரக் கிள்ளிக்கொண்டே இருங்கோ. முற்றத்திலயோ மதிலடியிலயோ செவ்வரத்தை, மல்லிகை நிண்டால் அதையும் வெட்டிப் பாருங்கோ, அங்கயிருந்துதான் யன்னலால வரும்.

தும்புச்சோறு:
புழு போன பிறகு ஓர்க்கிட்டுக்கு இன்னொண்டு: மாம்பழம், வாழைப்பழம் பழுக்கிற கூடையைக் கிட்ட வையாதேங்கோ. அதில வாற எதிலீன் வாயுவுக்கும் மொட்டு கொட்டும். ஏசிக் காற்று நேர படுற இடமும் கூடாது.