கைப்பிரதியைத் திருப்பிக் கொடுத்தவர்கள்

தாமிரபரணி:

நாம் சொன்ன சுவிசேஷத்தை மறுத்தவர்களில் இன்னும் மறக்க முடியாதவர் யார் என்று இங்கே கேட்டிருந்தார்கள். என்னுடையது நடந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனாலும் செந்தூர் எக்ஸ்பிரஸில் நெல்லையில் ஏறும்போதெல்லாம் அந்தப் பெரியவர் எதிர் இருக்கையில் உட்கார்ந்திருப்பது போலவே எனக்குத் தோன்றுகிறது. இரயிலில் சுவிசேஷக் கைப்பிரதி கொடுத்துப் பழகியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: சிலர் வாங்கிப் படிக்காமல் மடியில் வைத்துக்கொள்வார்கள், சிலர் அதிலேயே வடையின் எண்ணெயைத் துடைப்பார்கள், பலர் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். இவரோ கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நான்கு பக்கங்களையும், கடைசியில் அச்சிட்டிருந்த அஞ்சல் பெட்டி எண் வரைக்கும் படித்தார். வண்டி மணியாச்சிக்கு வந்துவிட்டது. பிறகு பழைய மடிப்பிலேயே மடித்து என்னிடம் நீட்டி, "நன்றாக எழுதியிருக்கிறார்கள் தம்பி. என்னிடம் இருந்தால் வீணாகிவிடும், வேறு யாருக்காவது கொடுங்கள்" என்றார்.

அதோடு முடிந்திருந்தால் நான் எழுத வந்திருக்க மாட்டேன். அவர் மஞ்சள் பைக்குள் கையை விட்டு ஒரு பன்னீர் இலைப் பொட்டலத்தை எடுத்தார். திருச்செந்தூர் இலை விபூதி. "உங்களுடையதை நான் வாங்கிப் படித்தேன் அல்லவா? இதை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று நீட்டினார். யோசிப்பதற்குள் என் கை பின்னுக்குப் போய்விட்டது. அவர் கோபப்படவில்லை. "சரி, சரி" என்று சொல்லி, அந்த இலை கிழிந்துவிடாதபடி இரண்டு விரல்களால் பிடித்து, பையின் ஓரத்தில் பத்திரமாக வைத்தார். அந்த இரண்டு விரல்கள்தான் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மதுரை மல்லி:

அரசு மருத்துவமனையில் ஞாயிறு மாலை வார்டு ஜெபத்துக்குப் போகிறவர்களில் நானும் ஒருத்தி. ஒரு ரொட்டிப் பொட்டலம், ஒரு புதிய ஏற்பாடு, தலையில் கை வைத்து ஒரு சிறு ஜெபம். எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். குழந்தைகள் வார்டில் டெங்குக் காய்ச்சலோடு ஒரு பிள்ளை படுத்திருந்தது. நான் அதன் நெற்றியில் கை வைக்கப் போனபோது தாய் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, பிள்ளை எழுந்து உட்கார்ந்த பிறகு வாருங்கள். அப்போது நீங்கள் சொல்வதைக் கேட்டு வேண்டும், வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெம்பு இருக்கும். இன்றைக்கு யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிவிடுவேன்" என்றாள். கெஞ்சுவது போலச் சொன்னாளே தவிர, பிடியை விடவில்லை.

அடுத்த ஞாயிறு போனபோது அந்தக் கட்டிலில் வேறு பிள்ளை இருந்தது. முன்பு இருந்த பிள்ளை வீட்டுக்குப் போயிற்றா என்று செவிலியரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

எலியாவின் சால்வை:

தாமிரபரணி தம்பி, நீங்கள் கையை இழுத்துக்கொண்டது சரியே. அதற்காகப் பத்தாண்டுகள் வருந்துவதுதான் பிழை. விருந்துக்கு அழைத்தவர் வைப்பதைக் கேள்வி கேட்காமல் சாப்பிடுங்கள் என்று சொல்லும் பவுல், இது விக்கிரகத்துக்குப் படைத்தது என்று ஒருவர் சொல்லிவிட்டால் சாப்பிட வேண்டாம் என்றும் 1 கொரிந்தியர் 10-இல் எழுதுகிறார். இதைவிடத் தெளிவாக வேறு யார் சொல்ல முடியும்?

என் அனுபவம் சிறியது. 2003-இல் சங்கரன்கோவில் பக்கம் ஓர் ஊரில் தெருப் பிரசங்கம் செய்தோம். தேநீர்க் கடைக்காரர் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு வைத்தார், நாங்கள் சத்தத்தைக் கூட்டினோம், அவரும் கூட்டினார். அப்போது கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் நடப்பில் இருந்ததால், காவலர்கள் வந்துவிடுவார்களோ என்ற பயத்தோடுதான் நின்றோம். வந்தது ஒரு கிழவி. "இரண்டு பேரும் நிறுத்துங்கள், என் பேரனுக்கு நாளைக்குப் பரீட்சை" என்றாள். நிறுத்திவிட்டோம்.

வாலிபர்களுக்குச் சில வார்த்தைகள். தனியாகப் போகாதீர்கள், ஆண்டவர் தம்முடைய சீஷர்களை இருவர் இருவராகவே அனுப்பினார். மறுக்கிறவரிடம் வாதாடாதீர்கள், காலிலுள்ள தூசியை உதறிவிடச் சொன்னாரே தவிர, கதவை உதைக்கச் சொல்லவில்லை. பள்ளிக் கட்டணம், வேலை, மருந்துச் செலவு என்று எதையும் சுவிசேஷத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். நம் மாநிலத்தில் 2002-இல் வந்த அந்தச் சட்டம் 2004-இல் விலக்கப்பட்டது என்பதால் எங்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். ஒடிசாவில் 1967-இலேயே, மத்தியப் பிரதேசத்தில் 1968-இலேயே சட்டம் வந்துவிட்டது. 1977-இல் ஸ்டனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு ஒருவர் தம் மதக் கொள்கைகளை எடுத்துச் சொல்லிப் பரப்பும் உரிமையைத் தருகிறதே அன்றிப் பிறரை மதம் மாற்றும் உரிமையைத் தரவில்லை என்று தீர்ப்பளித்தது. இதை ஒரு முறையேனும் படிக்காமல் வடக்கே ஊழியத்துக்குப் பெட்டி கட்டும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. இன்னொன்று: மாலை ஏழு மணிக்குமேல் வீடுகளுக்குப் போகாதீர்கள். தொலைக்காட்சித் தொடர் ஓடும் வேளையில் கதவைத் திறப்பவர், யார் வந்து நின்றாலும் மறுக்கத்தான் செய்வார்.

அடையாறு ஆலமரம்:

ஐயா சொன்னவற்றில் பயனுள்ளவை உண்டு. ஆனால் தாமிரபரணி ஆலோசனை கேட்கவில்லை. மேலும், விபூதி சாப்பிடும் பொருள் அல்ல.

சென்னையில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் ஐந்து ஆண்டுகள் ஒரே மேசையில் என்னோடு மதியச் சாப்பாடு சாப்பிட்ட தோழி அவள். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அழைத்தேன். அதற்கு முன்பும் நிறையப் பேசியிருக்கிறோம், அவள் என்றும் முகம் சுளித்ததில்லை. அன்று டப்பாவை மூடி, நான்கு பக்கக் கொக்கிகளையும் ஒவ்வொன்றாக அழுத்திவிட்டுச் சொன்னாள்: "வருகிறேன். எங்கள் ஊரில் உங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு சுவர் இருக்கிறது. எங்கள் தெருவில் முதன்முதலாகக் கிறிஸ்தவராகி வேதத்தில் சேர்ந்தவர் என் தாத்தாவின் தம்பி. அவரைச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் புதைத்தார்கள். உங்கள் ஆலயத்தில் நான் எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?" அதெல்லாம் அந்தக் காலத்துப் பழக்கம் என்று நான் உளறினேன். "அந்தக் காலத்துச் சுவர்தான். போன பொங்கலுக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள்" என்றாள்.

அதற்குப் பிறகும் நாங்கள் சேர்ந்துதான் சாப்பிட்டோம். நான் மறுபடியும் அழைக்கவில்லை.

தரங்கம்பாடிக் கரை:

அந்தத் தோழியின் கேள்விக்கு ஏறத்தாழ இருநூறு வயது ஆகிறது. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் அதை ஏற்க மாட்டோம் என்று பலர் சபையைவிட்டு விலகி நின்றார்கள். ஊருக்குச் சுவிசேஷம் சொல்லப் புறப்படுகிறவர்கள் இதையும் சேர்த்தே படித்துக்கொள்ள வேண்டும். இதற்கும் நூறாண்டுக்கு முன்னால், 1706-இல் எங்கள் ஊரான தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க், தமிழர்கள் ஏன் கிறிஸ்தவத்தை ஏற்பதில்லை என்று அவர்களிடமே எழுதிக் கேட்டார். வந்த மறுமொழிகள் ஜெர்மனியில் ஹாலே நகரில் அச்சாயின. கிறிஸ்தவர்கள் குடிப்பதும் நடந்துகொள்வதும் சரியில்லை என்ற குறை அவற்றில் வெளிப்படையாகவே இருக்கிறது. அவரை நான்கு மாதம் சிறையில் அடைத்ததும், அப்போது எங்கள் ஊரை ஆண்ட டேனியரின் தளபதி, ஒரு கிறிஸ்தவர்தான். ஆகவே ஊராரின் எதிர்ப்பு என்று நாம் பேசும்போது எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கும்.

நான் சொல்ல வந்தது வேறு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் கடற்கரையில் நிவாரணம் கொடுத்த குழுக்களில் ஒன்றில் நானும் இருந்தேன். ஒவ்வொரு அரிசிப் பைக்குள்ளும் ஒரு கைப்பிரதியைச் செருகினோம், செருகியவன் நான்தான். ஒரு மீனவர் பையை வாங்கிக்கொண்டு நூறு அடி போயிருப்பார். திரும்பி வந்தார். பத்துக் கிலோ அரிசியைத் தோளிலிருந்து இறக்காமலே, தாளை மட்டும் உருவி, "இது இல்லாமல் அரிசி கிடைக்குமா?" என்று கேட்டார். எங்கள் தலைவர், இரண்டும் சேர்ந்ததுதான் என்று சிரித்தபடி சொன்னார். வேடிக்கையாகத்தான் சொன்னார் என்று இன்றும் நினைக்க விரும்புகிறேன். மீனவர் மூட்டையை மணலில் வைத்தார். அதன்மேல் தாளை வைத்தார். பறந்துவிடாமலிருக்க ஒரு கல்லையும் தேடி எடுத்து வைத்துவிட்டுப் போனார்.

முறம்:

இங்கே எழுதியவர்களில் பலர் பிறப்பால் கிறிஸ்தவர்கள் என்று நினைக்கிறேன். நான் இருபத்து நான்கு வயதில் ஞானஸ்நானம் பெற்றவன். அம்மாவிடம் சொன்னபோது அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே, "எனக்குக் கொள்ளி யார் வைப்பது?" என்று கேட்டாள். நான் அதற்கு உயிர்த்தெழுதலைப் பற்றி விளக்கினேன். இருபது நிமிடங்கள் விளக்கியிருப்பேன். வாலிபர் கூட்டத்தில் பேசியதைவிட நன்றாகவே பேசினேன். ஏதென்ஸில் பவுல் இதையே பேசியபோது சிலர் இகழ்ந்தார்கள் என்றும், சிலர் இன்னொரு வேளை கேட்போம் என்றார்கள் என்றும் அப்போஸ்தலர் 17-இல் இருக்கிறது. அம்மா இரண்டையும் செய்யவில்லை. குனிந்து கல் பொறுக்கி முடித்து, உமியை வாசலில் தட்டிவிட்டு வந்து, "சாப்பிட்டாயா?" என்றாள்.

ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு தம்பிதான் கொள்ளி வைத்தான். நான் சுடுகாட்டு வேப்பமரத்தடியில் நின்றேன். நான் கேட்க மறந்தது ஒன்று உண்டு: அந்தக் கேள்வியை அவள் மறுப்பாகத்தான் கேட்டாளா, அல்லது உண்மையிலேயே யார் என்று தெரிந்துகொள்ளக் கேட்டாளா என்பது.

எலியா ஐயா, இதற்கு ஆலோசனை வேண்டாம்.

எலியாவின் சால்வை:

சொல்லவில்லை, தம்பி. தாமிரபரணியிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: அந்தப் பெரியவர் எங்கே இறங்கினார்?

தாமிரபரணி:

தஞ்சாவூரில், ஐயா. இன்னும் விடியவில்லை. எனக்கு மேல் படுக்கை. அவர் போர்வையை மடித்து வைத்துவிட்டு, இருட்டில் செருப்பைக் காலால் துழாவினார். அதில் ஒன்று என் பெட்டிக்குப் பின்னால் தள்ளப்பட்டுக் கிடந்தது எனக்குத் தெரியும். வெகுநேரம் தேடி எடுத்த பிறகு, நிமிர்ந்து என் பக்கம் பார்த்து, "வருகிறேன் தம்பி" என்று மெல்லச் சொன்னார். நான் தூங்குகிறவனைப் போலக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.