வெண்கலக் கைக்கடிகாரம் கறுக்கிறது, பழுதா?

ஹட்டனிலிருந்து: வெண்கல ஆட்டோமெட்டிக் கடிகாரம் வாங்கி மூன்று மாதம்தான், இங்குள்ள மழையிலும் பனிமூட்டத்திலும் மினுமினுப்புப் போய்ச் சாயத்தண்ணி நிறமாகிவிட்டது, வார் மாட்டும் இடத்தில் பச்சையும் தெரிகிறது. பழுதா அண்ணே?

பண்டாரவளையிலிருந்து: இல்லை தம்பி. வெண்கலத்தில் பெரும்பங்கு செம்பு, ஈரமும் வியர்வையும் பட்டால் அப்படித்தான் மாறும். என்னுடையதில் சட்டைக் கை உரசும் ஓரம் மட்டும் இன்னும் பொன்னிறம், அந்த அழகுக்காகவே தினமும் கட்டுகிறேன்.

நுவரெலியாவிலிருந்து: பச்சையை மட்டும் தேசிக்காய்ச் சாறு தொட்ட துணியால் துடைத்து, ஈரத்துணியால் ஒற்றிக் காயவிடுங்கள். குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்க்கிற மாதிரி முழுதும் தேய்த்துவிடாதீர்கள்.

ஹட்டனிலிருந்து: சரி, அப்படியே விடுகிறேன். பேட்டரி இல்லாமல் என் கையசைவிலேயே ஓடுகிறதே, அதுதான் எனக்குப் பெரிய சந்தோசம்.