நெடுமதிலை எங்கே கடந்தோம்: சேலத்து ஆட்டக்காரர்களின் அனுபவப் பகிர்வு

நடுவர், அஸ்தம்பட்டி

கற்பனை நிலத்தில் அணிகளாகப் பிரிந்து, பகடை உருட்டிக் கதையாக ஆடும் நம் ஆட்டத்தின் வரைபடத்தில் நெடுமதில் மேற்கே உப்பங்கழியில் தொடங்கி, சமவெளியைக் கடந்து, நீலாற்றைத் தாண்டி, கிழக்கே கருமலையின் செங்குத்துப் பாறையில் முட்டி நிற்கிறது. முப்பது முழ உயரமும், மேலே இரண்டு மாட்டுவண்டிகள் ஒன்றையொன்று கடந்து போகுமளவு அகலமும் உடைய அந்த மதிலை இதுவரை எந்த அணியும் நேருக்கு நேர் மோதி உடைத்ததில்லை. ஆனாலும் அதைக் கடந்து உள்ளே வராத அணியும் இல்லை. எங்கே கடந்தீர்கள், அல்லது காவல் அணியில் இருந்தபோது எங்கே கோட்டை விட்டீர்கள் என்பதை எழுதுங்கள். காவலன் விலைபோன கதைகள் வேண்டாம்; அவை எல்லா மதில்களுக்கும் பொதுவானவை. நிலத்தின் அமைப்பால் நேர்ந்தவற்றை மட்டும் பேசுவோம்.

கன்னங்குறிச்சி உறுப்பினர்

எங்கள் அணி கருமலை வழியாகத்தான் உள்ளே நுழைந்தது. மதில் பாறையில் முடியும் இடத்தில், 'இதற்கு மேல் மலையே மதில்' என்று வரைபடத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. அதைப் படித்தவுடனேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் ஊரில் மூக்கனேரிக் கரையில் நின்று பார்த்தால் சேர்வராயன் மலையும் ஒரே சுவராகத்தான் தெரியும். ஆனால் அந்தச் சுவரில் இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு ஒரு சாலை ஏறுகிறது. குப்பனூர்ப் பக்கமிருந்து இன்னொரு சாலை ஏறுகிறது. இவை இரண்டும் போடப்படுவதற்கு முன்பே மலைக்கிராமத்து மக்கள் தலைச்சுமையோடு இறங்கி ஏறிய ஒற்றையடித் தடங்கள் இருந்தன. கீழே இருப்பவனுக்குத்தான் மலை தடுப்பு. மேலே குடியிருப்பவனுக்கு அது வீட்டு வாசல்.

ஆகவே நடுவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, கருமலையின் மேல் யார் வசிக்கிறார்கள் என்பது. தேன் எடுக்கும் குடிகள் சில உண்டு என்றார். அப்படியானால் அவர்களுக்கு உப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். தேனும் தினையும் கிழங்கும் மலையில் கிடைக்கும், உப்பு கிடைக்காது. கடலும் கழியும் மதிலுக்கு உட்புறத்திலேயே இருப்பதால், அவர்கள் உப்பு வாங்க உட்புறச் சந்தைக்குத்தான் இறங்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பிறகு நடுவர் சற்று நேரம் பேசவில்லை. பகடையை உருட்டினோம்; சந்தைநாளன்று ஒரு மூட்டை உப்போடு மலையேறிய கிழவரைக் கண்டுபிடித்து, அவருக்குச் சுமைகூலியாகப் போய்த் தடத்தைத் தெரிந்துகொண்டோம். மறு அமர்வில் வெளிப்புறச் சரிவில் ஏறி, அதே தடத்தில் இறங்கியபோது, கடைசிக் காவற்கோபுரத்தின் முதுகுப் பக்கம் எங்களுக்கு எதிரே இருந்தது.

இது ஆட்டத்தில் மட்டும் நடக்கும் வித்தை அன்று. கி.மு. 480-இல் கிரேக்க நாட்டின் தெர்மோபைலேயில் கடலுக்கும் மலைக்கும் நடுவிலிருந்த குறுகிய வழியைக் கிரேக்கர்கள் ஒரு பழைய சுவரின் துணையோடு மறித்து நின்றார்கள். பாரசீகப் படை அந்தச் சுவரை வெல்லவில்லை, உள்ளூர்க்காரன் ஒருவன் காட்டிய மலைத்தடத்தில் இரவோடு இரவாகச் சுற்றி வந்தது. அந்தத் தடத்துக்கும் காவல் இருந்தது. காலடியில் ஓக் மரச் சருகுகள் நொறுங்கும் ஓசை கேட்ட பிறகுதான் அந்தக் காவலர்களுக்கு எதிரி வந்தது தெரிந்தது என்று பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார்.

ஏற்காட்டு உறுப்பினர்

நான் காவல் அணியில் இருந்தவன்; கருமலைக்கு முந்தைய முகட்டுப் பகுதி என் பொறுப்பு. மதிலை மலையின் உச்சி விளிம்பிலேயே கட்டினால் எல்லாம் தெரியும் என்று வரைபடம் போடுகிறவர்கள் நினைக்கிறார்கள். பகோடா பாயிண்டில் வந்து நின்று பாருங்கள். கீழே காக்கம்பாடி தெரியும், அதற்கு அப்பால் தொலைவிலுள்ள குன்றுகள்கூடத் தெரியும். காலுக்கு நேர் கீழே உள்ள சரிவு மட்டும் தெரியாது. சரிவு உள்வாங்கி இராமல் வெளியே புடைத்திருப்பதுதான் காரணம். தொலைவில் வரும்போது கண்ணில் பட்ட எதிரி, புடைப்பின் அடியை அடைந்ததும் மறைந்துவிடுகிறான். மறுபடி தெரியும்போது அவன் கையில் ஏணி இருக்கிறது. எனவே உச்சியை விட்டுச் சற்றுக் கீழே, சரிவு முழுவதும் பார்வைக்குள் அடங்கும் இடத்தில் மதில் வர வேண்டும். உச்சியில் ஒரு சிறு காவல் இருந்தால் போதும்.

மூடுபனியை ஆட்டத்தின் விதிகள் இன்னும் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்பது என் கருத்து. மழை மாதங்களில் இங்கே காப்பித் தோட்டத்துக்குள் நின்றால், நாலைந்து சில்வர் ஓக் மரங்களுக்கு அப்பால் மிளகுக்கொடி எது, ஆள் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கோபுரத்துக்குக் கோபுரம் தீப்பந்தம் காட்டும் முறை அந்த நாட்களில் எதற்கும் உதவாது. நான் பந்தங்களை விட்டுவிட்டுப் பறையும் நாய்களும் கேட்டேன். என் அமர்வில் எதிரிகள் பனிக்குள் வந்தபோது நாய்கள்தான் முதலில் குரைத்தன.

மற்றொன்று: பார்வைக்காகச் சரிவின் மரங்களை வெட்டச் சொன்ன தளபதியை நான் தடுத்தேன். வேர் போன சரிவில் கனமழை இறங்கினால் மண் நகரும். எங்கள் மலைப்பாதையில் பெருமழைக் காலத்தில் பாறையும் மண்ணும் சரிந்து வழி அடைபடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

செவ்வாய்பேட்டை உறுப்பினர்

நீலாற்றைப் பற்றி யாரும் எழுதவில்லையே. மதிலை எவ்வளவு உயர்த்தினாலும் ஆற்றுக்கு ஒரு வாய் விட்டே ஆக வேண்டும், அந்த வாய்க்கு இரும்புக் கம்பித் தடுப்பு போட்டுவிட்டால் காரியம் முடிந்தது என்று காவல் அணி எண்ணியது. எங்கள் அணி கோடையில் போனது. நீர் கணுக்கால் அளவுகூட இல்லை; கம்பிகள் மணலில் நின்றன. இரண்டு இரவுகள் மணலைத் தோண்டினோம், கம்பிக்கு அடியில் ஒருவர் தவழ்ந்து போகும் அளவு வழி கிடைத்தது. கி.மு. 539-இல் பாரசீக மன்னர் சைரஸின் படை யூப்ரடீஸ் ஆற்றைத் திருப்பிவிட்டு, நீர் தொடையளவு இறங்கியதும் ஆற்றுப்படுகை வழியாகவே பாபிலோனுக்குள் நுழைந்ததாக ஹெரோடோட்டஸ் சொல்கிறார். எங்களுக்கு அந்த வேலையைக் கோடை வெயில் செய்துகொடுத்தது.

அடுத்த அணி மழைக்காலத்தில் செய்தது இன்னும் கொடியது. திருமணிமுத்தாற்றை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சேலத்தில் ஒரு தூறல்கூட விழாத இரவில், சேர்வராயன் மலையில் பெய்த மழை ஆற்றை நிறைத்துவிடும். அந்த அணியினர் ஆற்றின் மேற்பகுதியில் மரங்களை வெட்டி, கிளைகளோடு படுகையிலேயே போட்டுவிட்டு மழைக்குக் காத்திருந்தார்கள். வெள்ளம் அவற்றையெல்லாம் இழுத்து வந்து கம்பியில் அடைத்தது. நீர் பின்வாங்கி உயர்ந்தது. அந்த இடத்தில் மதில் அணையாக மாறியது. அணையாக நிற்கக் கட்டப்படாத சுவர் என்பதால் அடிமண் அரித்து, விடிவதற்குள் கோபுரத்தோடு சாய்ந்தது.

சீனப் பெருஞ்சுவர் ஆற்றைக் கடக்கும் ஜியூமென்கோவ் என்ற இடத்தில் ஒன்பது வளைவுகளை விட்டு, படுகையையே கற்பலகைகளால் தளமிட்டிருக்கிறார்கள். தோண்டவும் முடியாது, அரிக்கவும் செய்யாது. நம் நீலாற்றுக்கும் அதுவே வழி என்று நினைக்கிறேன்.

மேட்டூர் உறுப்பினர்

உப்பங்கழி முனையைப் பற்றிச் சுருக்கமாக எழுதுகிறேன். மதில் நீருக்குள் நூறு அடி போய் நிற்கிறது. கடல்நீர் உள்வாங்கும் வற்றம் வந்தால் அந்த நூறு அடியும் சேறு. நாங்கள் பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு சுற்றி நடந்தோம், அவ்வளவுதான். நீரைக் காவலாக நம்புகிறவர் அதன் மட்டத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். 1934-இல் கட்டி முடித்த எங்கள் அணையின் நீர்மட்டம் 120 அடியில் இருக்கும்போது கடல்போலத் தெரியும் பரப்பில், மட்டம் மிகவும் இறங்கினால் பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே வந்துவிடும். மக்கள் நடந்தே போய்ப் பார்ப்பார்கள். பிரிட்டனில் கி.பி. 122-இல் ரோமானியர்கள் தொடங்கிய ஹேட்ரியன் சுவர் மேற்கே சால்வே கழிமுகத்தில் முடிகிறது. சுவர் முடிந்த பிறகும் கடற்கரை நெடுகச் சிறு காவல் அரண்களையும் கோபுரங்களையும் அவர்கள் வரிசையாகத் தொடர்ந்தார்கள்.

நடுவர்

நீலாற்றுக்குக் கற்தளமும் ஒன்பது வளைவுகளும் ஏற்கப்படுகின்றன. கழிமுனைக்குக் கரையோரக் கோபுரங்களும் வரும். முகட்டு மதிலைக் கீழே இறக்கும் யோசனையை மட்டும் நான் ஏற்கவில்லை. அந்த முகட்டில் நீர்ச்சுனைகள் உச்சியில்தான் இருக்கின்றன. மதிலைக் கீழே இறக்கிவிட்டு, உச்சிச் சிறு காவலை எதிரி பிடித்துக்கொண்டால், மதிலில் நிற்பவர்கள் தாகத்தால் சரணடைவார்கள். புடைப்பின் ஓரத்தில் முன்தள்ளிய சிறு கொத்தளங்களை வைத்தால் அடிச்சரிவு தெரியும்.

கருமலைத் தடத்தை அடைப்பதில் பயனில்லை. ஒன்றை அடைத்தால் உப்பு வேறு வழியில் ஏறும். காக்க வேண்டிய இடம் சிறிதாக இருப்பதே அரண் என்கிறது 'சிறுகாப்பிற் பேரிடத்ததாகி' என்று தொடங்கும் குறள். சங்ககிரி மலைக்கோட்டையில் ஏறும் வழியில் அடுக்கடுக்காக வாயில்களை வைத்தார்கள். செங்குத்துப் பாறையான பக்கங்களைப் பாறையிடமே விட்டார்கள். யாராலும் ஏற முடியாது என்று தெரிந்த பாறை அது. கருமலை அப்படிப்பட்டதன்று. எனவே தேன்குடிகளின் தடத்தில் வெளிப்படையாக ஒரு வாயிலும், அதன் அருகில் ஓர் உப்புக்கடையும் வைக்கலாம் என்றிருக்கிறேன். அவர்கள் அந்த ஒரு வழியையே பயன்படுத்தத் தொடங்கிவிட்டால், மற்றத் தடங்கள் புதர் மூடிப் போகும். அந்தக் கடையில் உப்பு விலையை யார் நிர்ணயிப்பது, காவல் அணியா அரசவையா என்பதை அடுத்த அமர்வுக்கு முன் இரு அணியினரும் எழுதி அனுப்பவும். விலை ஏறினால் பழைய தடம் மறுபடி திறக்கும் என்ற விதியைப் பகடை அட்டவணையில் சேர்த்துவிட்டேன்.