புதுப்பிப்பு: விரல் நுனி அழுத்தச் சோதனை, ஒரு திருத்தம்

செப்சிஸ் அதிர்ச்சியில் (கிருமித் தொற்று முற்றி ரத்த ஓட்டம் குலையும் நிலை) மானிட்டரில் பிரஷர் சரியாகத் தெரிந்தாலும் தந்துகிகளில் (மிக நுண்ணிய ரத்தக் குழாய்களில்) ரத்தம் ஓடாமல் இருக்கலாம், விரலை அழுத்தி விட்டு நிறம் திரும்பும் நேரத்தை எண்ணினால் அது தெரியும் என்று முதலில் எழுதியிருந்தேன். அதிலிருந்த "நகத்தை 5 விநாடி அழுத்துங்கள்" என்ற வரியை எடுத்துவிட்டேன். அழுத்தம் ஆளுக்கு ஆள் மாறும்.

2019-இல் வெளிவந்த ஆண்ட்ரோமீடா-ஷாக் ஆய்வின் முறைதான் மேல்: வலது ஆள்காட்டி விரல் நுனியின் சதைப் பக்கத்தில் கண்ணாடி ஸ்லைடை வைத்து, தோல் வெளுக்கும்வரை அழுத்தி, 10 விநாடி அப்படியே பிடித்து விடுங்கள். நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேலானால் கோளாறு. கடிகாரம் பார்த்தே எண்ணவும். மனக்கணக்கு நமக்குச் சாதகமாகவே முடியும். ஏசிக் குளிரில் சில்லிட்ட விரலும் மங்கலான விளக்கும் முடிவைக் கெடுக்கும்.

"லாக்டேட் (திசுவுக்கு ஆக்சிஜன் குறைந்தால் ரத்தத்தில் கூடும் பொருள்) போதாதா?" என்று கேட்டிருந்தீர்கள். கல்லீரல் பழுதானாலும், அட்ரினலின் ஓடினாலும் லாக்டேட் உயர்ந்தே நிற்கும். அதைத் துரத்திச் சலைன் ஏற்றினால் திசு வீங்கி, தந்துகிக்கும் செல்லுக்கும் இடைவெளி கூடும். ஆக்சிஜன் போய்ச் சேராது. அந்த ஆய்வில் ஒரு பிரிவுக்கு விரல் நுனியையும் மற்றதற்கு லாக்டேட்டையும் வைத்துச் சிகிச்சை தந்தார்கள்; விரல் நுனியை 30 நிமிடத்துக்கு ஒருமுறையும் லாக்டேட்டை 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும் பார்த்தார்கள். 28 நாளுக்குள் இறப்பு விரல் நுனிப் பிரிவில் 34.9%, லாக்டேட் பிரிவில் 43.4%. ஆனால் பி மதிப்பு 0.06 (வழக்கமான வரம்பான 0.05-க்குக் கீழே இறங்கவில்லை), வெற்றி என்று கொண்டாட முடியாது.

சலைனுக்கு முன் நோயாளியின் கால்களைத் தூக்கி இதய வெளியேற்றம் (இதயம் நிமிடத்துக்கு வெளியே தள்ளும் ரத்த அளவு) கூடுகிறதா என்று பாருங்கள். கூடாவிட்டால் அடுத்த பாட்டில் வேண்டாம். ஏற்கெனவே உயர் ரத்த அழுத்தம் உள்ள நோயாளியானால் நார்அட்ரினலினை (ரத்தக் குழாயைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும் மருந்து) கூட்டி, சராசரி ரத்த அழுத்தத்தை 80–85 mmHg-க்கு ஏற்றி மறுபடி அழுத்திப் பாருங்கள். விரலில் நிறம் திரும்பும் நேரம் தேறாவிட்டால் பழைய அளவுக்கே இறக்கிவிட வேண்டும்.