கல்லோடு போன அரிசி

முத்தியால்பேட்டைக்காரன்:
நேற்று சாயங்காலம் புதுச்சேரி கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில், ஒருவர் தன் நண்பரிடம் அளந்துகொண்டிருந்தார்: “கம்ப்யூட்டரைப் பாடவைத்துப் பீட்டில்ஸ் என்று விற்றார்கள். அதற்கு 2025இல் கிராமி விருது வேறு!” எனக்குச் சுண்டல் தொண்டையில் சிக்கிக்கொண்டது. அவர் சொன்ன ‘நவ் அண்ட் தென்’ பாட்டில் பாடுவது இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவைச் சேர்ந்த ஜான் லெனன்தான். 1970களின் கடைசியில், நியூயார்க் வீட்டில் பியானோ முன்னால் உட்கார்ந்து சாதாரண கேசட்டில் பதிந்தது. குரலும் பியானோவும் ஒட்டிக்கிடந்தன, மேலே கரண்ட் இரைச்சல். அவர் இறந்த பிறகு, 1995இல் குழுவின் மற்ற மூவரும், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார், அதைப் பாட்டாக முடிக்க முயன்று கைவிட்டார்கள். பிற்பாடு சினிமா இயக்குநர் பீட்டர் ஜாக்சன் குழுவின் மென்பொருள் குரலைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தது. அவ்வளவுதான். அரிசியில் கல் பொறுக்கியவரை நெல் விளைவித்தவர் என்பீர்களா?

மஞ்சக்குப்பத்தான்:
கல்லைப் பொறுக்கினார்கள், சரி. கூடவே ஒரு கைப்பிடி அரிசியையும் எறிந்தார்களே, அதை ஏன் சொல்லவில்லை? லெனனின் கேசட்டில், “உன்னை இழந்துவிடக் கூடாது” என்று அவர் தவிக்கிற ஒரு பகுதி உண்டு. 2023 நவம்பரில் வந்த பாட்டில் அது இல்லை. பாட்டின் உயிரே அங்கேதான் இருந்தது. எங்கே போனது?

முத்தியால்பேட்டைக்காரன்:
அண்ணே, நான் குரலைப் பற்றிப் பேசுகிறேன்.

மஞ்சக்குப்பத்தான்:
நான் வெட்டியதைப் பற்றிப் பேசுகிறேன்.

சாரம் டிரம்ஸ்:
அந்தப் பகுதி முடிக்காத வரிகள்தானே? எனக்கு முனகலாகத்தான் கேட்கிறது. ஆள் 1980 டிசம்பரிலேயே போய்விட்டார், யாரிடம் கேட்டு முடிப்பது? பால் மெக்கார்ட்னி அதை எடுத்துவிட்டார், பாட்டு சிக்கென்று ஆனது. ரிங்கோவின் டிரம்ஸைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன். 80ஐத் தாண்டிய மனிதர் அப்படி நிதானமாக அடித்திருக்கிறார்.

மஞ்சக்குப்பத்தான்:
தம்பி, முனகலாகக் கேட்பது உங்கள் ஹெட்போன் கோளாறு. லெனனின் பாட்டை வெட்டிவிட்டு அந்த இடத்தில் என்ன வைத்தார்கள்? பால் வாசித்த ஸ்லைடு கிட்டார். ஜார்ஜ் பாணியில் வாசித்தாராம், மரியாதையாம்! ஜார்ஜே 1995இல் இந்தப் பாட்டைக் குப்பை என்றவர், அதையும் பால்தான் சொன்னார். அப்புறம் ‘எலினார் ரிக்பி’யிலிருந்தும் ‘பிகாஸ்’ பாட்டிலிருந்தும் பழைய கோரஸ் துண்டுகளைக் கொண்டுவந்து ஒட்டுப்போட்டார்கள். இருந்ததை வெட்டுவார்களாம், இல்லாததை ஒட்டுவார்களாம்.

லாஸ்பேட்டை லதா:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நம் ஊரில் நடந்தது இதைவிடப் பெரிது. ‘லால் சலாம்’ படத்தில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ரகுமான் ஏஐ வைத்து உருவாக்கினார், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கிப் பணமும் கொடுத்து. அது உருவாக்கிய குரல். லெனனுடையது அவரே பாடியது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பவர்களிடம்தான் முத்தியால்பேட்டைக்காரர் எரிச்சல்படுகிறார் என்று நினைக்கிறேன்.

மஞ்சக்குப்பத்தான்:
ரகுமான் யார் பாட்டையும் வெட்டவில்லையே அம்மா.

முத்தியால்பேட்டைக்காரன்:
வெட்டு, வெட்டு, வெட்டு! கறிக்கடையா நடத்துகிறீர்கள்? வருஷா வருஷம் ஜூன் 21 இசை விழாவில் எங்கள் தெருக்களில் மேடை போட்டு வாசிக்கிறோம். நான் 15 வருஷமாக அங்கே கிட்டார் பிடிக்கிறேன். ஒரு பாட்டை மேடையேற்றும்போது சுருக்குவது சகஜம் என்று எங்களுக்குத் தெரியும். கடலூரில் எத்தனை பேண்டு இருக்கிறது?

மஞ்சக்குப்பத்தான்:
வந்துவிட்டார் பிரெஞ்சு துரை. எங்கள் ஊரில் பேண்டு இல்லாமல் இருக்கலாம். ஆனால் 1996இல் பீட்டில்ஸின் ‘ஆந்தாலஜி’ முதல் தொகுப்பின் கேசட் செட்டைச் சென்னையிலிருந்து வாங்கிவந்தவன் நான். அதைக் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று பஸ் ஏறி மஞ்சக்குப்பம் வந்து வாங்கிப்போனவர் யார்? கேசட் இன்னும் வீடு திரும்பவில்லை.

முத்தியால்பேட்டைக்காரன்:
அது ‘தானே’ புயலில் நனைந்துவிட்டது என்று நூறு தடவை சொல்லிவிட்டேன். கூரை ஓடு பறந்து, அலமாரிக்குள் தண்ணீர் இறங்கி, நாடா எல்லாம் பூஞ்சை பிடித்துப்போனது.

மஞ்சக்குப்பத்தான்:
‘தானே’ புயல் அடித்தது 2011 டிசம்பர் கடைசியில். வாங்கிப்போனது 1996. நடுவில் 15 வருஷம் என்ன செய்தீர்கள், மனப்பாடமா?

சாரம் டிரம்ஸ்:
‘நவ் அண்ட் தென்’ இங்கிலாந்துப் பாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பீட்டில்ஸுக்கு 1969க்கு அப்புறம், 54 வருஷம் கழித்து. அதையாவது பேசுவோமா?

மஞ்சக்குப்பத்தான்:
முதலிடம் பிடித்தது வெட்டிய பாட்டு.

லாஸ்பேட்டை லதா:
பீட்டில்ஸ் பாட்டு என்றால் எது என்று முதலில் யாராவது சொல்லுங்கள். நால்வரும் ஒரே அறையில் இருக்க வேண்டுமா? ஜார்ஜ் 2001இல் இறந்தவர், அவர் கிட்டார் 1995இல் பதிந்தது. அதையும் கணக்கில் சேர்க்கலாமா?

முத்தியால்பேட்டைக்காரன்:
லதா அக்கா, அதை அப்புறம் பார்க்கலாம். அண்ணே, அந்தக் கேசட்டின் உறை மட்டும் காய்ந்து தப்பித்தது. வேண்டுமானால் அனுப்பிவைக்கிறேன். அதோடு அந்தப் பேச்சை விடுங்கள்.

மஞ்சக்குப்பத்தான்:
உறையை வைத்து விசிறிக்கொள்ளவா? நாடா இல்லாத கேசட்டும் அந்தப் பகுதி இல்லாத பாட்டும் எனக்கு ஒன்றுதான். நாளைக்கு வேலை முடிந்ததும் லெனன் கேசட்டில் அது எத்தனையாவது நிமிஷத்தில் வருகிறது என்று எழுதுகிறேன். கேட்டுவிட்டு வந்து பேசுங்கள்.

சாரம் டிரம்ஸ்:
ரிங்கோ?