ரெய்டு 5: மாற்று டிஸ்க் போட்டும் ரீபில்டு தொடங்கவில்லை

வணக்கம் நண்பர்களே. அலுவலக சர்வரில் நான்கு 4 டிபி டிஸ்க்குகள், ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும்படி எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும் முறை). நேற்று ஒன்று போய்விட்டது. பழைய சர்வர் ஒன்றிலிருந்து அதே அளவு டிஸ்க்கை எடுத்துப் போட்டேன். ரீபில்டு, அதாவது போன டிஸ்க்கின் டேட்டாவைப் புதியதில் மறுபடி உருவாக்கும் வேலை, தானாகத் தொடங்கவில்லை. ரெய்டை நிர்வகிக்கும் கன்ட்ரோலரின் மெனுவில் அந்த டிஸ்க் ‘ஃபாரின்’ (வேறு ரெய்டைச் சேர்ந்தது) என்று நிற்கிறது. பழைய ரெய்டு விவரம் அதிலேயே பதிந்திருப்பதால்தான் இப்படி என்று புரிகிறது. இம்போர்ட் (அந்தப் பழைய விவரத்தை ஏற்பது) கொடுக்கக் கூடாது, கிளியர் (அதை அழிப்பது) கொடுத்து, அப்புறம் ஹாட் ஸ்பேராக (போன டிஸ்க்கின் இடத்தை எடுத்துக்கொள்ளும் மாற்று டிஸ்க்காக) ஒதுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கிளியர் கொடுத்தால் இந்த ஒரு டிஸ்க்கின் விவரம் மட்டும்தானே அழியும்? ஓடுகிற மற்ற மூன்று டிஸ்க்குகளையும் அது தொடாதுதானே? இன்னொன்று போனால் மொத்த டேட்டாவும் போய்விடும், அதனால் கை வைக்கப் பயமாக இருக்கிறது. முதலில் பேக்கப் எடுத்துக்கொண்டிருக்கிறேன், இன்று இரவு முடிந்துவிடும். சர்வரை நிறுத்தாமலே இதைச் செய்யலாமா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.