காது கேளாத பெற்றோர் வீட்டில் உதவி நாய்: நாங்கள் யோசித்த விதம்

திருநகரில் வாடகை வீட்டில் குடியிருக்கும் என் தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. அவர்களுடைய கைக்குழந்தைக்கு நன்றாகக் கேட்கும். இந்த வீட்டுக்கு உதவி நாய் ஒன்று வேண்டுமா என்று குடும்பத்தில் கொஞ்ச காலமாகவே பேசி வருகிறோம்.

பேச்சைத் தொடங்கியவர் மாப்பிள்ளைதான். காது கேளாதோருக்கென்றே நாய்களைப் பழக்கித் தரும் தொண்டு நிறுவனம் பிரிட்டனில் 1982 முதல் இயங்கி வருகிறது. அங்கே பழகிய நாய், வாசல் மணியோ குழந்தையின் அழுகையோ கேட்டால் குரைப்பதில்லை. மூக்கால் உரசியோ முன்னங்காலால் தொட்டோ தெரிவித்து, சத்தம் வந்த இடத்துக்கு அழைத்துச் செல்கிறது. தீ எச்சரிக்கை மணி என்றால் தொட்டுவிட்டுத் தரையில் படுத்து ஆபத்தை உணர்த்துகிறது. குரைத்துக் காவல் காக்கும் நாயால் இவர்களுக்குப் பயனில்லை என்பதை உறவினர்களுக்குப் புரியவைக்கவே நெடுநேரம் ஆயிற்று.

எந்தச் சத்தங்கள் தவறுகின்றன என்று தங்கையிடம் கேட்டோம். சிலிண்டர் கொண்டு வருபவர் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறார். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிகிறது. குக்கருக்கு அவளுக்கு யார் துணையும் வேண்டாம். வெயிட் எழும்பி ஆவி சீறுவதைக் கண்ணால் எண்ணியே பருப்பை இறக்கிவிடுவாள். இரவுதான் கடினம். குழந்தையின் மார்பில் உள்ளங்கையை வைத்தபடியே படுக்கிறாள். அவன் புரண்டால் விழித்துக்கொள்கிறாள். ஒரு தாய் ஆண்டுக்கணக்கில் அப்படித் தூங்க முடியாது.

வாசலுக்கு, அழுத்தினால் விளக்கு மின்னும் மணியைப் பொருத்திவிட்டோம். அழுகையைக் கண்டறிந்து அதிரும் வசதி இப்போது கைப்பேசியிலேயே இருக்கிறது. ஆனால் அந்தக் கைப்பேசி பக்கத்து அறையில் சார்ஜில் கிடந்தால் அது தேடிக்கொண்டு வராது, நாய் வரும். நாயின் பக்கம் என் மனம் சாய்வதற்குக் காரணம் இதுதான்.

ராஜபாளையம் குட்டி வாங்கித் தருவதாகச் சித்தப்பா சொன்னார். அந்த வெண்ணிற இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. நிறமி இல்லாமை உள்காதையும் பாதிப்பதே காரணம். எந்தக் குட்டியானாலும் அது பார்க்காத பக்கமிருந்து தட்டைத் தட்டிப் பார்ப்பது நல்லது. ஆயினும் ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் பிடிபடாமல் போகலாம்.

நாய்கள் கைச்சைகையை எளிதில் கற்றுக்கொள்பவை என்பதால், இவர்களே சைகையால் பழக்க முடியும். நான் போய் வாயால் கட்டளையிட்டுப் பழக்கினால் அது என் முகத்தைப் பார்த்து நிற்குமே தவிர அவர்களுடைய கைகளைக் கவனிக்காது. ஆகவே நான் விலகியே இருக்கப் போகிறேன். முழுமையாகப் பழக ஓராண்டுக்கு மேல் ஆகும் என்பதாலும், கைக்குழந்தையையும் குட்டியையும் ஒருசேரக் கவனிப்பது தங்கைக்குப் பெரும் சுமை என்பதாலும், குழந்தை நன்றாக நடக்கத் தொடங்கிய பிறகே வாங்குவதென்று முடிவு செய்திருக்கிறோம். வீட்டு உரிமையாளரும் சம்மதித்துவிட்டார்.

குழந்தை படுத்திருக்கும் பாயை மிதிக்காமல், தூங்கும் தாயை மட்டும் தொட்டு எழுப்ப நாயைப் பழக்கியவர்கள் இருந்தால், எப்படிப் பழக்கினீர்கள் என்று விரிவாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.